கோவில்பட்டிக்குப் போன நுரை ஒயின்

பினாங்குத் தீவில் ஒரு ஹோட்டல் பாரில் பானம் கலக்குவது என் தொழில். எனக்குத் தெரியாத காக்டெய்லே கிடையாது என்று சொன்னால் அது தற்பெருமை. தெரியாததையும் அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டுவிடுவேன் என்று சொன்னால் அது உண்மை. அந்தத் தைரியத்தில்தான் சென்ற கிறிஸ்மஸுக்கு ஃப்ளோராவோடு கோவில்பட்டிக்குக் கிளம்பினேன்.

ஃப்ளோரா எங்கள் ஹோட்டலுக்கு எதிரே இருக்கும் மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்ததும் என் கவுண்டரில் வந்து உட்கார்ந்து ஒரு இஞ்சிச் சோடா குடிப்பாள். பக்கத்து நாற்காலியில் டேனியல் இருப்பான். அவனுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. அவர்கள் சண்டை போட்டதும் சமாதானமானதும் என் கண் முன்னால்தான். இரண்டு பேரும் கரிசல் காட்டுக்காரர்கள், இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள். அவள் கோவில்பட்டிக் கத்தோலிக்கக் குடும்பம், அவன் நாகலாபுரத்துப் புராட்டஸ்டண்ட் குடும்பம். அதைக்கூடப் பெரியவர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். தீராமல் நின்றது ஒயின்.

ஃப்ளோராவின் அப்பா சவரிமுத்து, “கிறிஸ்மஸ் அன்னைக்கு ஒயின் ஊத்தாத வீடும் ஒரு வீடா? யாருக்காவவும் இத மாத்த மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். டேனியலின் அம்மா ரூபி, “ஒயின் ஊத்துத வீட்ல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். நடுவில் யாரோ ஒரு பாதிரியார் பேசி, கிறிஸ்மஸ் சாயங்காலம் ரூபி அம்மாள் ஒரு தடவை அந்த வீட்டுக்கு வந்து பார்க்கட்டும், அதன் பிறகு முடிவு சொல்லட்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். டேனியலுக்கு லீவு கிடைக்கவில்லை. ஃப்ளோரா இதையெல்லாம் என் கவுண்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“இவ்வளவுதானா?” என்றேன். “ரெண்டு தட்டு வச்சாப் போச்சு. ஒண்ணுல ஒயின் இருக்கும், ஒண்ணுல இருக்காது. ரெண்டும் ஒரே நிறம், ஒரே நுரை. உங்க அப்பாவும் கிளாஸைத் தூக்குவாரு, அவங்க அம்மாவும் தூக்குவாங்க. நான் வந்து கலக்கித் தர்றேன் லா.”

நான் சொன்ன மாதிரி நடக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆளுக்கு இரண்டு வீதம் நான்கு பாட்டில் ஸ்பார்க்ளிங் ஒயினை, அதாவது நுரை ஒயினை, விமான நிலையக் கடையிலேயே வாங்கிக்கொண்டோம். மதுரையிலிருந்து பேருந்து. பை மடியில் கனத்தது. ஓட்டுநர் இரக்கப்பட்டு, “அத இங்கன வைம்மா” என்று தன் பக்கத்திலிருந்த இன்ஜின் பெட்டி மேல் இடம் காட்டினார். பையின் ஜிப் முழுக்க மூடவில்லை. ஒரு பாட்டிலின் கழுத்து மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பைக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் அதையே கவனித்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் வழியாகச் செம்மண் போய்க் கரிசல் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை பெய்து முடிந்த காடு. ஒரு பக்கம் மக்காச்சோளம், ஒரு பக்கம் கொத்தமல்லி. பினாங்கில் எங்கே பார்த்தாலும் ஒரு மலையாவது கட்டடமாவது கண்ணை மறிக்கும். இங்கே மறிக்க ஒன்றும் இல்லை.

சாத்தூர் தாண்டியதும் ‘டமார்’ என்று ஒரு சத்தம். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். “டயர் போச்சுடே!” என்றார் கண்டக்டர். இருவரும் இறங்கி ஒவ்வொரு சக்கரமாக உதைத்துப் பார்த்தார்கள். பயணிகளில் பாதிப் பேர் இறங்கி அவர்களுக்கு யோசனை சொன்னார்கள். “டயரு இல்ல, இது வெடி. சிவகாசிச் சரக்கை எவனோ பைக்குள்ள வச்சிருக்கான்” என்றார் ஒருவர். அதற்குள் என் பையிலிருந்து நுரை வழிந்து கியர் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநரின் செருப்பு வரைக்கும் போய்விட்டது. பாட்டிலின் கார்க் அடைப்பு பேருந்துக் கூரையில் அடித்து, பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் மடியில் விழுந்திருந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் தானாகவே முன்வந்தார். “கழுத்துல கம்பியப் போட்டு ரொம்ப இறுக்கிக் கட்டியிருந்துச்சு. பாவமேன்னு தளத்திவிட்டேன்” என்றார். இன்ஜின் சூட்டில், ஆடுகிற பேருந்தில், கம்பியைத் தளர்த்திய நுரை ஒயின் என்ன செய்யுமோ அதைத்தான் செய்திருந்தது. கோபித்துக்கொள்ள வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊர்ப் பேருந்தில், வாடை அடிக்கும் என்று டூரியான் பழத்தைக்கூட ஏற்றவிட மாட்டார்கள். இங்கே கண்டக்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, “தொடச்சிக்கிடுங்க, எதுவும் ஒட்டாதுல்லா?” என்று மட்டும் கேட்டார். பினாங்கில் நாங்களும் பேச்சின் கடைசியில் லா போடுகிறோம், இவர்களும் லா போடுகிறார்கள். முதல் நாளே எனக்கு ஊர் பிடித்துப்போனது.

மீதி மூன்று பாட்டிலோடு வீட்டுக்குள் நுழைந்தோம். சவரிமுத்து அங்கிள் மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். குரல் பெரிது, மீசை அதைவிடப் பெரிது. பாட்டில்களை மேஜையில் வரிசையாக வைத்து ஒரு துணியால் துடைத்தார். வந்தவர் போனவர் எல்லாரிடமும், “என் மக சம்பாத்தியத்துல வந்தது. இந்தத் தெருவுல ஒருத்தன் வீட்ல இருக்கா?” என்று கேட்டார். பிறகு ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்கும் பூப்பொட்டலத்துக்கும் நடுவில் படுக்கவைத்தார். அவருடைய பிடிவாதம் குடிப்பதற்கான பிடிவாதம் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது. வெளிநாட்டில் தனியாக நின்று சம்பாதிக்கிற மகளை ஊருக்குக் காட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாடு கம்புத் தோசையும் கருவாட்டுக் குழம்பும். நான்கு தோசை சாப்பிட்டேன். “ஏட்டி, ஒங்க ஊர்ல இவளுக்குச் சோறு போடுததே இல்லியா?” என்று ஃப்ளோராவின் அம்மா மகளிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

மறுநாள் கடைவீதிக்குப் போனோம். காக்டெய்லுக்கு வேண்டிய எதுவும் இங்கே கிடைக்காது என்று ஃப்ளோரா பயந்துகொண்டிருந்தாள். அவள் பயத்தில் பொருளே இல்லை. நன்னாரி சர்பத் கிடைத்தது. எலுமிச்சை குவியலாகக் கிடந்தது. கருப்பட்டி வாங்கி, சுக்கு தட்டிப் போட்டுப் பாகு காய்ச்சினேன். நாக்கில் வைத்துப் பார்த்தபோது, இதை ஏன் இத்தனை நாள் எங்கள் பாரில் வைக்கவில்லை என்று தோன்றியது. கொறிக்கக் காராச்சேவும் கடலை மிட்டாயும். நுரை ஒயினுக்கு உப்பும் எண்ணெய்யும் காரமும் உள்ள எதுவும் பொருந்தும். எங்கள் ஹோட்டலில் அதற்கு மீன் முட்டை வைப்பார்கள். இந்தக் காராச்சேவைச் சாப்பிட்டிருந்தால் அதைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

ஒயின் இல்லாத தட்டுக்கு நுரை வேண்டுமே. ஃப்ளோராவின் அண்ணன் அந்தோணி என்னை ஒரு சோடாக் கடைக்குக் கூட்டிப்போனான். கோலி சோடா. கழுத்தில் கோலிக்குண்டு அடைத்துக்கொண்டு நிற்கிற அந்தக் கனத்த பாட்டிலை நான் அதற்கு முன் கையில் எடுத்ததில்லை. கடைக்காரர் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி நீட்டினார். நான் குடிக்கச் சாய்த்தேன், குண்டு உருண்டு வந்து வாயை அடைத்துக்கொண்டது. மறுபடி சாய்த்தேன், மறுபடி அடைத்தது. “கோலிய அந்தப் பள்ளத்துல நிறுத்திக்கிடணும்” என்று அந்தோணி காட்டினான். மூன்றாவது பாட்டிலில் எனக்கும் வந்துவிட்டது. ஒரு பெட்டி சோடாவை வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன்.

கண்ணாடிக் கிளாஸ்தான் கிடைக்கவில்லை. ஃப்ளோரா வீட்டில் எல்லாம் எவர்சில்வர். நுரை எழும்புவது கண்ணுக்குத் தெரியாவிட்டால் இந்தப் பானத்தில் பாதி இன்பம் போச்சு. தெருமுனை டீக்கடையில் கோடு போட்ட உயரமான டீ கிளாஸ்கள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் சண்முகம் அண்ணாச்சி. நான் போனபோது டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே, நடுவில் ஒரு சொட்டுச் சிந்தாமல் டீ கயிறாக இறங்கியது. எங்கள் ஊரில் தே தாரிக் என்கிற ஆற்று டீ போடுகிறவர்களுக்குப் போட்டியே நடத்துவார்கள். இவர் வந்தால் கோப்பை இவருக்குத்தான் என்று சொன்னேன்.

அவருக்கு முகமெல்லாம் பல். “கிளாஸ் தாரேன். ஆனா கிளாஸ் போற எடத்துக்கு நானும் வருவேன். ஒங்களுக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேண்டாமா?” என்றார். இவ்வளவு நிதானமான கை கிடைக்குமா என்று நானும் உடனே சரி சொன்னேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் நாகலாபுரம், ரூபி ஆன்ட்டி வீடு. நேரில் போய்க் கூப்பிடாவிட்டால் அந்தப் பக்கம் அது அழைப்பே இல்லை. கல்யாணப் பேச்சு முடியாமல் ஃப்ளோரா அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. அங்கிள் போனால் வாசலிலேயே வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். ஆகவே அந்தோணியின் பைக்கில் நான் போனேன்.

தார் ரோடு வரைக்கும் சுகமாகப் போனோம். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் குறுக்கு வழி என்று அந்தோணி காட்டுப் பாதையில் இறக்கினான். முந்தின இரவு மழை பெய்திருந்தது. கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சக்கரம் சுற்றச் சுற்ற மண்ணை அள்ளி மட்கார்டுக்குள் திணித்துக்கொண்டே போனது. கடைசியில் சக்கரம் சுற்றவே இல்லை, பைக் நட்ட நடுக்காட்டில் நின்றுவிட்டது. இறங்கினேன். என் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் கனத்துக்கொண்டே போனது. அந்தோணி ஒரு குச்சியை ஒடித்து மண்ணை நோண்டிக்கொண்டிருந்தான். உளுந்தங்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

“என்ன சொல்றாங்க?”

“‘செருப்பக் கழத்தாம நடக்கா பாரு, இன்னும் பத்து எட்டு வச்சா பனை மரம் ஒசரம் வந்திருவா’ன்னு சொல்லுதாவ” என்றான்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கறுப்புச் சேறு விரலிடுக்கில் குளிர்ச்சியாகப் பிதுங்கியது. அந்தக் கோலத்தில்தான் ரூபி ஆன்ட்டியின் வாசலில் போய் நின்றேன்.

ஒல்லியான மனுஷி. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. வீட்டுக்குள் ஒரு தையல் மெஷின், முற்றத்தில் காயப்போட்ட மிளகாய். முதலில் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். பிறகு அச்சு முறுக்கும் டீயும் வந்தன. நான் யார், என்ன வேலை என்று கேட்டார். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. பாரில் பானம் கலக்குகிறேன் என்றேன். அந்தோணிக்கு முறுக்கு தொண்டையில் சிக்கியது.

அவர் கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்தார். “எங்க வீட்டுக்காரரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப் பாத்தாவ. நல்ல மனுசன். வாய்ல ஏலக்காயப் போட்டுக்கிட்டு வருவாவ. குடிச்சியளான்னு கேப்பேன், இல்லம்பாவ. கையில சோடா பாட்டில் இருக்கும். இது என்னன்னு கேட்டா, சோடாதாம்பாவ. அவிய கூட்டாளிகளக் கேட்டாலும், சோடாதான் மைனிம்பாவ. அப்படிச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தாவ.” காலி டீ டம்ளரை என்னிடமிருந்து வாங்கி வைத்துவிட்டு, “நீ என்ன கலக்கப் போற?” என்று கேட்டார்.

ஒரே நிறம், ஒரே நுரை என்று நான் போட்டு வைத்திருந்த திட்டம் அந்த நிமிஷம் எனக்கே கசந்தது. இவருக்கு வாழ்நாள் முழுக்க நடந்தது அதுதானே. அங்கேயே மாற்றினேன்.

“ரெண்டு தட்டு இருக்கும் ஆன்ட்டி. ஒயின் தட்டுல மாதுளை மணி போட்டிருப்பேன், தூரத்திலேயே சிவப்பா தெரியும். உங்க தட்டுல எலுமிச்சைச் சுருள். உங்க கைக்கு வர்ற கிளாஸ்ல ஒரு சொட்டு ஒயின் இருக்காது. என் தொழில் மேல சத்தியம்.”

“ஒரு சொட்டு?”

“ஒரு சொட்டு இருக்காது.”

“சரி, வாரேன்” என்றார். “அந்தப் பிள்ளைய எனக்குப் பிடிச்சிருக்கு, பாத்துக்க. ஆனா அந்த வீட்ல என்ன ஏமாத்துனா, பொறவு என் மவனே வந்து கால்ல விழுந்தாலும் நடக்காது.” வரும்போது ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பினார். திரும்பும்போது தார் ரோட்டிலேயே வந்தோம்.

கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசை, மதியம் ஆட்டுக்கறி, சாயங்காலம் விருந்து. முன்னறையில் குடிலும் விளக்கும் ஜொலித்தன. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். ரூபி ஆன்ட்டி தன் தம்பியோடு வந்தார், அதே கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. அங்கிள், “வாங்க” என்றார். அவர், “வந்தேன்” என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. ஃப்ளோரா அறைக்குள் நின்றுகொண்டு கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

சமையல்கட்டில் எல்லாம் என் இஷ்டப்படி இருந்தது, ஒத்தாசைக்குச் சண்முகம் அண்ணாச்சியும் நின்றார். ஒயின் கலக்கும் விதி ஒன்றுதான். பாகு முதலில், ஒயின் கடைசியில், கிளாஸைச் சாய்த்து மெதுவாக. கலக்கவே கூடாது, நுரையே கலக்கிக்கொள்ளும். இரண்டு பாட்டிலைத் திறந்து ஒரு தட்டு ஊற்றினேன். அடியில் கருப்பட்டிப் பாகு பழுப்பாகத் தங்க, மேலே பொன் நிறத்தில் நுரைமுத்துகள் ஏறின. இன்னொரு தட்டில் அதே பாகு, நன்னாரி, மேலே கோலி சோடா. மூன்றாவது பாட்டில் ஃபிரிட்ஜில் இருந்தது. அதை எல்லார் முன்னாலும் தெருவுக்கே சத்தம் கேட்கிற மாதிரித் தானே திறக்க வேண்டும் என்று அங்கிள் ஆசைப்பட்டிருந்தார்.

அப்போது ஃப்ளோரா கூப்பிட்டாள். பதற்றத்தில் அவளுக்குச் சேலை மடிப்பு நிற்கவில்லை. “அண்ணாச்சி, மாதுளையும் எலுமிச்சையும் மட்டும் போட்டு வையுங்க, இதோ வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனேன். மடிப்பு வைத்து ஊக்குக் குத்திவிட்டுத் திரும்பினேன். அந்தோணி எலுமிச்சைத் தட்டை ஏற்கெனவே முன்னறைக்கு எடுத்துப்போய்விட்டான். அதிலிருந்த ஒரு கிளாஸ் மட்டும் இடம் போதாமல் மேடையில் இருந்தது. அடியில் தங்கியிருந்த பாகைக் காணோம், எல்லாம் ஒரே கலங்கலாக இருந்தது. மேலே மட்டும் டீ நுரை மாதிரி ஒரு வளையம்.

மூக்கருகே கொண்டுபோனேன். ஒயின் வாடை.

“அண்ணாச்சி, என்ன செஞ்சீங்க?”

அவர் ரொம்பப் பெருமையாகத் திரும்பினார். கையில் டீ ஆற்றுகிற அவருடைய போகணி. “பாகு எல்லாம் அடியில கெடந்துச்சும்மா. நீங்க அவசரத்துல கலக்காமப் போயிட்டிய. ஆத்தாம எப்படிக் குடிப்பாவ? மொத ஒயின ஆத்துனேன், பொறவு சோடாவ ஆத்துனேன். ஒண்ணோட ஒண்ணு சேக்கல, போகணியக் கவுத்துட்டுத்தான் ஊத்துனேன். நொரை எப்படி நிக்கி பாருங்க.”

கவிழ்த்தார், கழுவவில்லை. அவரைத் திட்ட எனக்கு நேரமும் இல்லை, யோக்கியதையும் இல்லை. ஆற்றுகிற கையைப் பார்த்து மயங்கி வேலைக்கு வைத்தது நான்தான். முன்னறைக்கு ஓடினேன்.

ரூபி ஆன்ட்டி கிளாஸைக் கையில் எடுத்திருந்தார். அந்த ஊரில் விருந்துக்குப் போன இடத்தில் கிளாஸை வாயில் வைத்துக் குடிக்க மாட்டார்கள், அண்ணாந்துதான் குடிப்பார்கள். அதனால்தான் நான் தப்பித்தேன். தலையைச் சாய்த்து, கிளாஸை வாய்க்கு ஒரு சாண் மேலே தூக்கியிருந்தார். நான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

எல்லார் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

“என்ன, பூச்சி கெடக்கா?” என்று அந்தோணி கேட்டான். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அறை வாசலில் நின்ற ஃப்ளோராவும் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லச் சொல்லி அவள் கண்ணால் கெஞ்சினாள். பூச்சி என்று சொன்னால் முடிந்தது. கிளாஸை மாற்றிக் கொடுக்கலாம், யாருக்கும் தெரியாது.

“பூச்சி இல்ல” என்றேன். “இதுல ஒயின் கலந்திருக்கு ஆன்ட்டி. ஒரே போகணியில ரெண்டையும் ஆத்திட்டாங்க. கொஞ்சம்தான் இருக்கும். ஆனா ஒரு சொட்டு இருக்காதுன்னு உங்ககிட்ட சொன்னேன். இருக்கு.”

அங்கிளின் முகம் கறுத்துப்போனது. “கொஞ்சூண்டுதானே, அதுக்குப் போயி இப்படி எல்லாரு முன்னாலயும்...” என்று ஆரம்பித்தார். ஃப்ளோரா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தொழிலில் ஒரு வழக்கம் எனக்குண்டு, கெட்டுப்போனதைக் காப்பாற்றப் பார்க்க மாட்டேன். ரூபி ஆன்ட்டி கையிலிருந்த கிளாஸையும் வாங்கி வைத்து, எலுமிச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செம்பருத்தி அடியில் கொட்டினேன். திரும்பி வந்து ஒயின் தட்டையும் எடுத்துப்போய்க் கொட்டினேன். அதில் உயிரே இல்லை, ஆற்றின வேகத்தில் நுரையெல்லாம் போய்ச் சர்க்கரைத் தண்ணியாகக் கிடந்தது. இரண்டு பாட்டில் ஒயின் கரிசல் மண்ணுக்குள் இறங்கியது. சண்முகம் அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு, “சவத்த, ஆத்துனது ஒரு குத்தமா?” என்று புலம்பினார்.

பிறகு சோடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ரூபி ஆன்ட்டி முன்னால் வைத்தேன். கோலி ஏறி அடைத்துக்கொண்டு எல்லாம் இறுக்கமாக இருந்தன. “நான் கலக்கல. யாரும் தொடல. உங்க கையாலயே உடைங்க” என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மடியில் நிறுத்தி, கட்டைவிரலை வைத்து ஒரே அமுக்கு. ‘டொப்’ என்று குண்டு இறங்கியது. நுரை அவர் சேலையில் தெறித்தது, அதை அவர் துடைக்கவில்லை. கோலியைப் பள்ளத்தில் நிறுத்தி, அண்ணாந்து, பாதி பாட்டிலைக் குடித்தார். என்னைவிட எவ்வளவோ நன்றாகக் குடித்தார்.

“எத்தன வருசமா எத்தன பேர்ட்ட கேட்டிருப்பேன்” என்றார். “‘இதுல இருக்கா?’ன்னு. ஒரு மனுசன், ஒரே ஒரு மனுசன், ‘இருக்கு’ன்னு சொன்னதில்ல. நீதாம்மா மொத ஆளு. அதுவும் நான் கேக்காமலே.”

காராச்சேவுத் தட்டிலிருந்து கையை எடுக்கத் தெரியாமல் ஒரு சித்தப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாரில் நின்று எத்தனையோ பேர் அழுததைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அங்கே ஒரு தடவையும் அழுகை வந்ததில்லை.

சவரிமுத்து அங்கிள் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. மீதமிருந்த கடைசிப் பாட்டிலோடு வந்தார். கம்பியை யாரும் தொட்டுவிடாதபடி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ரூபி ஆன்ட்டி முன்னால் வந்து நின்றார். மீசை இருந்தது, பெரிய குரலைத்தான் காணோம்.

“இது என் மக கொண்டாந்தது. ஒயின்தான், வேற ஒண்ணும் இல்ல. இன்னைக்கு ஒடைக்கணும்னு ஆசையா வச்சிருந்தேன். நீங்க வேண்டாம்னா உள்ள வச்சிருதேன்.” பாட்டிலை அவர் பக்கம் நீட்டினார். “ஒடைக்கட்டுமா?”

யாருக்காகவும் மாற்ற மாட்டேன் என்று சொன்ன மனுஷர் கேட்கிற கேள்வியா அது. ஃப்ளோரா நிலைப்படியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

ரூபி ஆன்ட்டி மீதி சோடாவைக் குடித்து முடித்தார். காலிப் பாட்டிலைப் பெட்டியில் அதன் குழிக்குள் சரியாக வைத்தார்.

“ஒடைங்க. ஒயின்னு சொல்லி ஒயின் குடிச்சா எனக்கென்ன? நான் இங்கனதான் உக்காந்திருப்பேன்” என்றார். “ஆனா என் சோடாவ நான்தான் ஒடைப்பேன். கல்யாணத்தன்னைக்கும்.”

ஃப்ளோராவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெட்டியிலிருந்து இன்னொரு சோடாவை எடுத்து, உடைக்காமல், அப்படியே அவர் கையில் கொடுத்தேன்.